சாலையை அகலமாக்கினால் நெரிசல் தீருமா? பாண்டியை வைத்துப் பார்ப்போம்

இந்திரா காந்தி சிலையிலிருந்து ராஜீவ் காந்தி சிலை வரைக்கும் மேம்பாலம் வரப்போகிறது. சுமார் 4 கிலோமீட்டர், 436 கோடி ரூபாய், 2025 அக்டோபரில் அடிக்கல்லும் நாட்டியாகிவிட்டது. பாண்டியில் யாரிடம் பேசினாலும் "அப்பாடா, இனிமேலாவது அந்த ரெண்டு சிக்னல்ல மாட்டாம போகலாம்" என்கிறார்கள். அந்த ஆசையில் தப்பே இல்லை. மே மாத வெயிலில் அந்தச் சந்திப்பில் ஹெல்மெட்டோடு நின்ற எவருக்கும் அது வரத்தான் செய்யும். ஆனால் ஒரு ஊர் வளரும்போது சாலைக்கு எவ்வளவு போடுவது, பஸ்ஸுக்கு எவ்வளவு போடுவது, எதில் போட்டால் யாருக்கு எவ்வளவு நேரம் மிச்சம் என்று ஒரு கணக்கு இருக்கிறதே, அதை யாரும் நமக்குப் பொறுமையாகச் சொல்லித் தருவதில்லை. அதைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன். கூட்டல், பெருக்கல் தெரிந்தால் போதும்.

முதலில் நெரிசல். இதைப் பற்றி நம் எல்லோர் மனதிலும் இருக்கும் கணக்கு இதுதான்: வண்டிகள் இவ்வளவு, சாலையின் அகலம் இவ்வளவு, அகலத்தைக் கூட்டினால் ஒவ்வொரு வண்டிக்கும் கொஞ்சம் கூடுதல் இடம், அதோடு நெரிசல் போச்சு. இந்தக் கணக்கில் ஒரே ஒரு இடம்தான் இடிக்கிறது. வண்டிகளின் எண்ணிக்கை அப்படியே இருக்காது. சாலை எப்படி இருக்கிறது என்று பார்த்துத்தான் மனிதர்கள் எப்போது கிளம்புவது, எந்த வழியாகப் போவது, எதில் போவது, இன்றைக்குப் போகத்தான் வேண்டுமா என்பதையெல்லாம் முடிவு செய்கிறார்கள். சாயங்காலம் 6 மணிக்குப் போனால் சிக்கிக்கொள்வோம் என்று 7.30-க்கு மேல் கிளம்பிக்கொண்டிருந்தவர், பாலம் திறந்ததும் 6 மணிக்கே கிளம்புவார். உள் தெருக்களில் புகுந்து புகுந்து போய்க்கொண்டிருந்தவர் பெரிய ரோட்டுக்கு வருவார். பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தவர் "இப்பதான் ரோடு நல்லா இருக்கே" என்று தவணையில் ஒரு வண்டி எடுப்பார். இவர்களெல்லாம் முதல் ஒன்றிரண்டு வருடங்களில் வருகிறவர்கள். அதற்கப்புறம் வருகிறவர்கள்தான் பெரிய கூட்டம். வில்லியனூரைத் தாண்டியோ, பட்டானூர், திருச்சிற்றம்பலம் கூட்டுரோடு பக்கமோ மனை வாங்கலாமா என்று தயங்கிக்கொண்டிருந்த குடும்பங்கள், "டவுனுக்கு 20 நிமிஷம்தான்" என்ற விளம்பரத்தை நம்பி வாங்கி, வீடு கட்டி, தினமும் அதே சாலையில் வண்டியோடு வந்து நிற்கும்.

இதைப் பொருளாதாரத்தில் தூண்டப்பட்ட தேவை என்பார்கள். ஆந்தனி டவுன்ஸ் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1962-லேயே இதை எழுதிவிட்டார். உச்ச நேர நெரிசல், சாலை எவ்வளவு கொள்ளுமோ அந்த அளவுக்கு வளர்ந்து வந்து நிற்கும் என்பது அவர் சொன்னது. 2011-இல் கில் டூரான்டன், மேத்யூ டர்னர் என்ற இருவர் அமெரிக்க நகரங்களின் பல வருட விவரங்களை எடுத்துப் பார்த்தார்கள். ஒரு நகரத்தில் நெடுஞ்சாலை 10 சதவீதம் கூடினால், வண்டிகள் ஓடும் மொத்தத் தூரமும் கிட்டத்தட்ட அதே 10 சதவீதம் கூடிவிடுகிறது என்று கண்டார்கள். ஹூஸ்டன் நகரத்தில் கேட்டி நெடுஞ்சாலையை ஏறக்குறைய 280 கோடி டாலர் செலவில் அகலப்படுத்தி 2008-இல் முடித்தார்கள். பக்கச் சாலைகளையும் சேர்த்தால் சில இடங்களில் 26 தடங்கள். அப்படி இருந்தும் 2011-க்கும் 2014-க்கும் இடையில் அங்கே உச்ச நேரப் பயணம் மறுபடியும் நீண்டுகொண்டே போனது.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பஸ்ஸை ஆதரிக்கும் பலர் இதை விட்டுவிடுகிறார்கள். அந்த 2011 ஆய்வே, பொதுப் போக்குவரத்தைக் கூட்டினாலும் வண்டிகள் ஓடும் தூரம் குறைவதாகத் தெரியவில்லை என்றும் சொல்கிறது. யோசித்துப் பார்த்தால் அதே தர்க்கம்தான். நாலு பேர் பஸ்ஸுக்கு மாறி, ரோட்டில் கொஞ்சம் இடம் காலியானால், அந்த இடத்துக்கு வேறு நாலு பேர் வண்டியோடு வந்துவிடுவார்கள். அப்படியானால் பஸ்ஸுக்கு எதற்குச் செலவு? பஸ் விடுவது நெரிசலை ஒழிப்பதற்காக இல்லை. வண்டி இல்லாதவர், ஓட்டத் தெரியாதவர், ஓட்ட முடியாதவர், பள்ளிப் பிள்ளைகள், ஜிப்மருக்கு மாதாமாதம் வரும் நோயாளி, இவர்களெல்லாம் நெரிசல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும், அதுவும் அதே சாலையில், கூடுதலாக நிலம் எடுக்காமல். 2006-இல் வந்த தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கையும் இதைத்தான் சொல்கிறது: நகர்த்த வேண்டியது மனிதர்களை, வாகனங்களை அல்ல. கொள்கை வந்து இத்தனை வருடமாகியும் நாம் இன்னும் சாலையில் வண்டிகளைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

சரி, மனிதர்களை எண்ணுவோம். ஒரு டவுன் பஸ்ஸின் நீளம் 12 மீட்டர், அகலம் இரண்டரை மீட்டர் என்று வையுங்கள், அது பிடிக்கும் இடம் 30 சதுர மீட்டர். அதில் 50 பேர். அதே 50 பேர் காருக்கு இரண்டு பேர் வீதம் வந்தால் 25 கார். சிக்னலில் ஒன்றன்பின் ஒன்றாக நின்றால், காருக்கு இடைவெளியோடு 6 மீட்டர் என்றாலும் 150 மீட்டருக்கு ஒரு வரிசை. வெளிநாட்டுக் கட்டுரைகளில் இந்தக் கார் கணக்கைத்தான் போடுவார்கள். பாண்டி டூவீலர் ஊர், நம் கணக்கு கொஞ்சம் வேறு. 50 பேர் டூவீலரில் வந்தால் 35, 40 வண்டி ஆகும், ஓடும்போது அது காரைப் போல அவ்வளவு இடத்தை அடைக்காது, இடுக்கில் புகுந்து போய்விடும். ஆனால் போய்ச் சேர்ந்த இடத்தில் நிறுத்த வேண்டுமே. வண்டிக்கு 2 சதுர மீட்டர் என்றால் 40 வண்டிக்கு 80 சதுர மீட்டர், அதுவும் நாள் முழுக்க. நேரு வீதியும் மிஷன் வீதியும் சாயங்காலத்தில் ஏன் அப்படி இருக்கின்றன என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். ஓட வேண்டிய சாலையில் பாதி, நிற்கும் வண்டிகளுக்குப் போய்விடுகிறது. பஸ் 50 பேரை இறக்கிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும்.

இதைவிட முக்கியமானது நேரக் கணக்கு. நம் ஊரில் பொதுப் போக்குவரத்து பற்றிய பேச்சு ஏசி பஸ், மின்சார பஸ், பஸ் ஸ்டாண்டு கட்டடம் என்று போய்விடுகிறது, அடுத்த பஸ் எத்தனை நிமிஷத்தில் வரும் என்று கேட்பவர் குறைவு. லாஸ்பேட்டையிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் 5 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம், பஸ் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து போகிறது, 20 நிமிஷம் ஆகும். இப்போது கோடிக்கணக்கில் செலவழித்துச் சாலையை அகலப்படுத்தி வேகத்தை 20 கிலோமீட்டர் ஆக்கினோம் என்றால் பயணம் 15 நிமிஷம். மிச்சம் 5 நிமிஷம். அடுத்து, சாலையைத் தொடவே வேண்டாம், அரை மணிக்கு ஒன்று வரும் பஸ்ஸை 10 நிமிஷத்துக்கு ஒன்று என்று ஆக்குவோம். எந்த நேரத்திலும் ஸ்டாப்புக்கு வரும் ஒருவர் சராசரியாகக் காத்திருப்பது, இரண்டு பஸ்களுக்கு நடுவே உள்ள இடைவெளியில் பாதி. முன்பு 15 நிமிஷம் காத்திருந்தவர் இப்போது 5 நிமிஷம் காத்திருக்கிறார். மிச்சம் 10 நிமிஷம். சாலையை அகலப்படுத்திக் கிடைத்ததைப் போல இரண்டு மடங்கு.

இது வெறும் காகிதக் கணக்கு இல்லை என்பதற்குக் கடலூர் பஸ்ஸே சாட்சி. முதலியார்பேட்டை, அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், கன்னியக்கோயில் என்று போகும் அந்த வழித்தடத்தில் டைம் பார்த்து வீட்டை விட்டுக் கிளம்புகிறவர் யாராவது உண்டா? ரோட்டுக்கு வந்து நின்றால் ஒன்று வரும், அது நெரிசலாக இருந்தால் பின்னாலேயே இன்னொன்று. கடலூர் மஞ்சக்குப்பத்தில் வேலை பார்த்துக்கொண்டு அரியாங்குப்பத்தில் குடியிருக்க முடிகிறது என்றால் அதற்குக் காரணம் இந்த அடிக்கடி வரும் பஸ்தான். இதற்கு எதிர்ப்பக்கம் நெட்டப்பாக்கம், மடுகரை, திருக்கனூர் பக்கத்துக் கிராமங்கள். அங்கே ஒரு பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போது என்பதை வைத்துத்தான் பகலே நகர்கிறது. கல்லூரிக்குப் போகும் பெண் பிள்ளைக்கு வீட்டில் ஸ்கூட்டி வாங்கிக் கொடுப்பது வசதிக்காக இல்லை, கடன் வாங்கியாவது கொடுத்தாக வேண்டியிருக்கிறது.

ஒரு நுணுக்கம். 10 நிமிஷத்துக்கு ஒரு பஸ் என்று தாளில் எழுதினால் மட்டும் போதாது. இரண்டு பஸ் ஒன்றாக வந்து, அப்புறம் 20 நிமிஷம் ஒன்றுமே வராவிட்டால், சராசரிக் காத்திருப்பு 5 நிமிஷம் இல்லை, 10 நிமிஷம். பஸ் எண்ணிக்கை அதேதான், டீசல் செலவும் அதேதான், பயணிக்குப் பாதிப் பலன் போய்விட்டது. தனியார் பஸ்காரர்களுக்குள் டைமிங் தகராறு வருவதும், ஒரு ஸ்டாப்பில் என்ஜினை உறுமவிட்டு ஆள் சேரும் வரை நிற்பதும், அடுத்த ஸ்டாப்புக்கு முன்னால் இருக்கும் பஸ்ஸை முந்தப் பறப்பதும்தான் பஸ்கள் இப்படிச் சேர்ந்து வரக் காரணம். ஒவ்வொரு நடையிலும் வரும் கலெக்‌ஷன்தான் அவர்களுக்கு வருமானம், ஆகவே முன்னால் போகும் பஸ் அவர்களுக்குப் போட்டி. டிரைவரின் குணத்தைக் குறை சொல்லிப் பயனில்லை, பணம் கொடுக்கும் முறை அப்படி இருக்கிறது. டிக்கெட் வசூலை அரசு எடுத்துக்கொண்டு, ஓடிய கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று பஸ்காரருக்குக் கொடுத்தால் இந்த ஓட்டப்பந்தயம் நின்றுவிடும். 2004 ஜூலையில் சியோல் நகரம் தனியார் பஸ்களை அப்படியே வைத்துக்கொண்டு, கிலோமீட்டர் கணக்கில் பணம் கொடுக்கும் முறைக்கு மாறியது. 2023-இல் மத்திய அரசு அறிவித்த, 10,000 மின்சார பஸ்களுக்கான பிஎம் இ-பஸ் சேவா திட்டமும் கிலோமீட்டர் கணக்கில்தான் போகிறது.

இனி பணம். இங்கேதான் எனக்கு உண்மையிலேயே ஆதங்கம்.

அரசாங்கச் செலவில் இரண்டு வகை. கட்டடம், பாலம், சாலை போல ஒரு சொத்தை உருவாக்குவது மூலதனச் செலவு. சம்பளம், டீசல், உதிரி பாகம் போல மாதாமாதம் போவது வருவாய்ச் செலவு. பாலம் முதல் வகை, பஸ்ஸை ஓட்டுவது இரண்டாம் வகை. மூலதனச் செலவுக்குக் கடன் கிடைக்கும், டெல்லியிலிருந்து திட்டம் கிடைக்கும், அடிக்கல் ஒரு தடவை, திறப்பு விழா ஒரு தடவை. பெட்ரோல், டீசலில் நாம் கட்டும் செஸ் என்ற கூடுதல் வரியிலிருந்து மத்திய சாலை, உள்கட்டமைப்பு நிதி என்றே ஒரு தனிப் பெட்டி இருக்கிறது. பஸ்ஸை ஓட்டுவதற்கு அப்படி நிலையான பெட்டி கிடையாது, அது உள்ளூர் அரசின் கையிலிருந்து ஒவ்வொரு மாதமும் போக வேண்டும். புதுச்சேரிக்கு இது இன்னும் சிக்கல், ஏனென்றால் யூனியன் பிரதேசம் என்பதால் மத்திய நிதிக் குழு மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் வரிப் பங்கில் நமக்கு இடமில்லை, மத்திய அரசின் மானியத்தையும் சொந்த வரியையும் நம்பித்தான் வண்டி ஓடுகிறது.

இதன் விளைவைப் பாருங்கள். 2009 வாக்கில் ஜவஹர்லால் நேரு நகர்ப்புறப் புனரமைப்புத் திட்டத்தில் நாடு முழுக்க நகரங்களுக்குப் பஸ் வாங்க மத்திய அரசு பணம் கொடுத்தது. வாங்குவது மூலதனச் செலவு, கிடைத்துவிட்டது. ஓட்டுவது நகரத்தின் பாடு. பல ஊர்களில் அந்த பஸ்கள் டிரைவரும் உதிரி பாகமும் இல்லாமல் டிப்போவிலேயே நின்று வீணாகின. பிஎம் இ-பஸ் சேவாவில் ஓட்டுவதற்கும் 10 வருடம் உதவி என்று வைத்திருப்பது அந்தப் பாடத்தைக் கற்றதால்தான் என்று நினைக்கிறேன், அந்த வகையில் அது நல்ல மாற்றம்.

ஆண்டு முடிவில் போக்குவரத்துக் கழகத்தின் கணக்கைப் பார்த்து "இத்தனை கோடி நஷ்டம்" என்று செய்தி வரும். மேம்பாலத்துக்கு இத்தனை கோடி நஷ்டம் என்று எந்தப் பத்திரிகையிலாவது பார்த்திருக்கிறீர்களா? பாலத்திலும் டிக்கெட் இல்லை, வருமானம் இல்லை, பராமரிப்புச் செலவு வருடா வருடம் உண்டு. தெருவிளக்கு எரிவதற்கு மின்கட்டணம் கட்டுகிறோம், அதை யாரும் நஷ்டம் என்று எழுதுவதில்லை, ஊருக்கு வெளிச்சம் வேண்டும், அவ்வளவுதான். பஸ்ஸையும் அந்தக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

ஒப்பிடுவதற்கு ஒரு பெருக்கல். ஒரு பஸ் ஒரு கிலோமீட்டர் ஓட, ஆள், எரிபொருள், பராமரிப்பு, வண்டியின் விலை எல்லாம் சேர்த்து 70 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 200 கிலோமீட்டர் ஓடினால் 14,000 ரூபாய், வருடத்துக்கு ஏறக்குறைய 51 லட்சம். 100 பஸ் என்றால் வருடத்துக்கு 51 கோடி. 436 கோடி ரூபாய், ஒரு ரூபாய்கூட டிக்கெட் வாங்காமல் 100 பஸ்களை எட்டரை வருடம் ஓட்டும். டிக்கெட்டில் பாதிச் செலவு வந்துவிட்டால் 17 வருடம். பாலத்துக்கு வந்த பணத்தை அப்படியே பஸ்ஸுக்குத் திருப்பிவிட முடியாது, அது நெடுஞ்சாலைக்கு என்று ஒதுக்கிய மத்தியப் பணம், எனக்குத் தெரியும். ஆனால் ஒரே ஊர், ஒரே வரிப்பணம், இரண்டு பெட்டிகளுக்கும் நடுவில் இவ்வளவு பெரிய சுவர் இருப்பதை நாம் இயல்பாக எடுத்துக்கொண்டுவிட்டோமே என்பதுதான் என் வருத்தம்.

பாண்டிக்கே உரிய இன்னொரு சிக்கல் எல்லை. முத்தியால்பேட்டையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் பல்கலைக்கழகத்துக்குப் போகிறீர்கள் என்றால் கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் என்று தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, மறுபடி பிள்ளைச்சாவடியில் புதுச்சேரிக்குள் வந்து, அப்புறம்தான் காலாப்பட்டு. பயணிக்கு இது ஒரே ரோடு, பர்மிட்டுக்கு இரண்டு அரசாங்கம். 1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 88-ஆம் பிரிவுப்படி ஒரு மாநிலத்து பர்மிட் இன்னொரு மாநிலத்தில் செல்ல அங்கே மேலொப்பம், அதாவது ஒப்புதல் கையெழுத்து வேண்டும், எத்தனை பஸ், எத்தனை நடை என்பதை இரு அரசுகளும் ஒப்பந்தம் போட்டு முடிவு செய்ய வேண்டும். ஆகவே இங்கே ஒரு வழித்தடத்தில் நாலு நடை கூட்டுவதுகூட சில சமயம் இரண்டு தலைமைச் செயலகங்களின் வேலை. கோட்டக்குப்பத்துக்காரர் கடைக்கு வருவது பாண்டிக்குத்தான், பட்டானூர்க்காரர் பிள்ளைகள் படிப்பதும் இங்கேதான், ஆனால் நகரத் திட்டம் போடும்போது வரைபடம் எல்லைக் கோட்டில் நின்றுவிடுகிறது. இரண்டு அரசுகளுக்கும் பொதுவாக ஒரு போக்குவரத்து ஆணையம் இல்லாமல் இது தீரும் என்று எனக்குத் தோன்றவில்லை.

சரி, பஸ்ஸுக்குப் பணம் வந்துவிட்டது, பர்மிட்டும் கிடைத்துவிட்டது என்றே வைப்போம். அதற்கப்புறமும் ஒரு கடினமான தேர்வு இருக்கிறது. கையில் 40 பஸ். எல்லாக் கிராமத்துக்கும் ஆளுக்கொன்று என்று பிரித்தால் எல்லோருக்கும் பஸ் உண்டு, ஆனால் ஒரு நாளைக்கு நாலு தடவைதான். வில்லியனூர் ரோடு, கடலூர் ரோடு, கோரிமேடு, காலாப்பட்டு என்று நாலு பெரிய தடங்களில் குவித்தால் அங்கே கூட்டம் நிறையும், கிராமம் விட்டுப்போகும். சட்டமன்ற உறுப்பினர் யாராக இருந்தாலும் தன் தொகுதிக்கு ஒரு பஸ் கேட்பார், அது அவர் கடமை. நடைமுறையில் பல ஊர்களில் வேலை செய்தது ஒரு கலவை: பெரிய தடங்களில் காலை முதல் இரவு வரை 10 நிமிஷத்துக்கு ஒன்று, கிராமங்களிலிருந்து சின்ன பஸ்கள் வில்லியனூர், கிருமாம்பாக்கம் போன்ற இடங்களுக்கு வந்து சேர, அங்கே ஏறி மாறிக்கொள்வது, ஒரே டிக்கெட்டில். இறங்கி ஏறுவது நம் மக்களுக்குப் பிடிக்காது என்பார்கள். அரை மணி நேரம் நிற்க வேண்டுமென்றால் யாருக்குத்தான் பிடிக்கும்? 5 நிமிஷத்தில் அடுத்தது வரும், நிழலும் இருக்கிறது என்றால் பிரச்சினை பாதி போய்விடும். கிராமத்துக்குக் கடைசி பஸ் கட்டாயம் உண்டு என்ற உறுதி மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் தளரக் கூடாது.

நிழல் என்றதும் நடைபாதையைச் சொல்ல வேண்டும். பஸ்ஸில் போகும் ஒவ்வொருவரும் இரண்டு முனையிலும் நடக்கிறார். காமராஜர் சாலையிலும் மறைமலை அடிகள் சாலையிலும் நடைபாதையில் ஒரு நூறு மீட்டராவது இறங்காமல் நடக்க முடிந்தால், அது பஸ்ஸுக்குச் செய்த செலவுதான். ஒரு மேம்பாலச் செலவில் மிகச் சிறிய துண்டு அதற்குப் போதும்.

மேம்பாலமே வேண்டாம் என்கிறேனா? இல்லை. சென்னையிலிருந்து கடலூர், நாகை என்று ஊரைத் தாண்டிப் போகும் லாரியும் வெளியூர் பஸ்ஸும் அந்த இரண்டு சந்திப்பிலும் உள்ளூர்க்காரரோடு மோதிக்கொள்ள வேண்டிய அவசியமில்லை, அவர்களை மேலே ஏற்றிவிடுவதில் பலன் உண்டு. ரயில்வே கேட்டுக்கு மேலே பாலம் கட்டுவதும் அப்படித்தான், மூடிய கேட்டில் நின்றவருக்கு அது தெரியும். ஆனால் ஊருக்குள் இறங்க வேண்டியவர் எல்லோரும் கீழேதான் இருப்பார்கள், பாலம் முடியும் இடத்துக்கு அடுத்த சந்திப்பு இப்போது இருப்பதைவிடத் திணறும். ஆகவே பாலத்தைவிட, பாலத்துக்குக் கீழே என்ன வருகிறது என்பதுதான் நம் கவலையாக இருக்க வேண்டும். கீழே மிச்சமாகும் அகலம் பார்க்கிங்குக்குப் போகிறதா, பஸ்ஸுக்கென்று ஒரு தடம் வருகிறதா, ஸ்டாப்புகள் எங்கே, வயதானவர் சாலையைக் கடக்க எங்கே இடம்? தூண் எழும்பிய பிறகு கேட்டால் "வரைபடம் முடிந்துவிட்டது" என்பார்கள், அதனால் இப்போதே கேட்க வேண்டும்.

உங்கள் வழித்தடத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் போக்குவரத்துத் துறையிடம், இந்தத் தடத்தில் எத்தனை பர்மிட், ஒவ்வொன்றுக்கும் எத்தனை நடை, என்னென்ன நேரம் என்று கேளுங்கள். பட்டியல் வந்ததும் ஒரு வேலை நாளில் காலை 8-இலிருந்து 10 வரை உங்கள் ஸ்டாப்பில் நின்று, வந்த பஸ்களையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் ராத்திரி கடைசி பஸ்ஸையும். பர்மிட்டில் இருக்கும் நடைக்கும் வந்த நடைக்கும் உள்ள வித்தியாசத்தோடு ஒரு மனு எழுதி, தொகுதி எம்.எல்.ஏ. அலுவலகத்திலும் போக்குவரத்து ஆணையர் அலுவலகத்திலும் கொடுங்கள். அதில் புது பஸ்ஸோ புது ரோடோ கேட்க வேண்டியதில்லை, ஏற்கெனவே ஒப்புக்கொண்ட நடையை ஓட்டச் சொன்னால் போதும்.